சீலா மீனும் ஆன் வில்சனின் கோபமும்

கேள்வி: அமெரிக்க ராக் குழுவான ‘ஹார்ட்’டின் ‘பாரகுடா’ பாட்டை ஆகா ஓகோ என்கிறார்கள். ஒரு மீனைப் பற்றிப் பாட இத்தனை ஆவேசம் எதற்கு? ஆன் வில்சன் கத்துகிறாரே தவிர, பாடுவதாகத் தெரியவில்லை. ஹார்டு ராக் பெண் குரலுக்கு ஒத்துவராது என்பது என் கட்சி. உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: பாரகுடா மீன்தான், சந்தேகமில்லை. தமிழில் சீலா என்றும் சொல்வார்கள். நீண்ட தாடை, ஊசிப் பல், அசையாமல் கிடந்துவிட்டுச் சட்டென்று பாயும் குணம். ஆனால் பாட்டு மீனைப் பற்றியது இல்லை. இசைத்தட்டு வியாபாரத்தில் அந்தக் குணத்தோடு திரிந்த ஆண்களுக்கு ஆன் வில்சன் வைத்த பெயர் அது.

சியாட்டில் பக்கத்துப் பெண் அவர். வியட்நாம் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு நடந்தபோது அதற்குத் தப்பிக் கனடா போன காதலர் மைக் ஃபிஷரைத் தேடி வான்கூவர் போனார். குழுவும் பின்னாலேயே போனது. தங்கை நான்சி 1974-இல் சேர்ந்தார். அவ்வூரின் சிறிய நிறுவனமான மஷ்ரூம் வெளியிட்ட முதல் ஆல்பம் ‘டிரீம்போட் ஆனி’ பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. அந்தச் சந்தோஷத்தில் நிறுவனம் ஒரு விளம்பரம் போட்டது. அக்காவும் தங்கையும் தோள் தெரிய முதுகோடு முதுகு சாய்ந்த படம். ‘எங்களுக்கு இதுதான் முதல் தடவை’ என்கிற தொனியில் ஒரு வாசகம். இருவரும் காதலர்கள் என்று படிப்பவர் நினைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். பிறகு டெட்ராய்ட்டில் ஒரு கச்சேரி முடிந்ததும் ஒருவர் வந்து, ‘உங்கள் காதலர் எப்படி இருக்கிறார்?’ என்று ஆனிடம் விசாரித்தார். மைக்கைக் கேட்கிறார் என்று ஆன் நினைத்தார். அவர் கேட்டது நான்சியை. அன்றிரவே விடுதி அறையில் உட்கார்ந்து எழுதிய வரிகள்தான் ‘பாரகுடா’.

ஹார்ட் அந்த நிறுவனத்தை விட்டு போர்ட்ரெய்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனது. 1977-இல் ‘லிட்டில் குயீன்’ ஆல்பத்தின் முதல் பாட்டாக இது வந்து, அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 11-ஆம் இடம் வரை ஏறியது. மஷ்ரூம் சும்மா இருக்கவில்லை. அரைகுறையாகப் பதிந்து கிடந்த பாடல்களைத் திரட்டி ‘மேகஸின்’ என்று ஆல்பமாக்கி விற்கப் பார்த்தது. விவகாரம் நீதிமன்றம் போய், குழு அவற்றைச் சரிசெய்து கொடுத்த பிறகே 1978-இல் ஒழுங்கான பதிப்பு வந்தது.

இனி, கத்துவது பற்றி. கிதாரைக் கவனியுங்கள். அடித்தந்தியை, வலது உள்ளங்கையின் அடிப்பகுதியைப் பாலத்தருகே (கிதாரின் உடலில் தந்திகள் ஊன்றும் இடம்) லேசாக வைத்து அமுக்கியபடி, குதிரை ஓடுகிற நடையில் தட்டுகிறார்கள். ‘தா-தக, தா-தக’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நீளம், இரண்டு குட்டை. நாசரேத் குழு ஜோனி மிட்சலின் பாட்டு ஒன்றை இந்த நடையில் வாசித்திருந்தது. அங்கிருந்து எடுத்ததுதான் என்று நான்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்மேல் ஃபிளாஞ்சர் என்கிற ஒலி வித்தை. அதே ஒலியைச் சில மில்லி வினாடி தாமதித்து, அந்தத் தாமதத்தையும் கூட்டிக் குறைத்துக்கொண்டே மூலத்தோடு கலந்தால், தலைக்கு மேல் ஜெட் விமானம் போவதுபோல் ஒலி சுழலும்.

வாசித்துப் பார்க்கிறவர்கள் வழுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். முன்கையை விறைத்துக்கொள்வார்கள், இரண்டாம் நிமிடத்தில் வேகம் தள்ளாடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருப்பிவிடுவார்கள். குட்டைத் தட்டு இரண்டும் கூழாகிவிடும். ஃபிளாஞ்சரின் வேகத்தைக் கூட்டினால் விமானம் போய்த் தண்ணீருக்குள் பாடும் சத்தம் வரும். நான்கு நான்காகவே எண்ணிக்கொண்டு போகிறவர் சில இடத்தில் இடறி விழுவார். தாளம் எல்லா இடத்திலும் நான்குக்குள் அடங்குவதில்லை.

இந்த இரைச்சலுக்கு மேல் பாடுகிறவர் தொடக்கத்திலிருந்தே கத்தினால் என்ன ஆகும்? முதல் சரணத்திலேயே தொண்டை போய்விடும். ஆன் அப்படிச் செய்யவில்லை. வரிகள் சின்னச் சின்னவை. ஒன்றைக் கடித்துத் துப்பிவிட்டு நிறுத்துகிறார். இடைவெளியைக் கிதார் நிரப்புகிறது. அங்கே மூச்சு எடுக்கிறார். ‘பாரகுடா’ என்று பெயரைச் சொல்லுமுன் ஒரு ‘ஊ’ வருகிறதே, அதைக் கேளுங்கள். ‘ஊ’ உதடு குவிகிற உயிர். உச்ச ஸ்தாயியில் அதை நெஞ்சுக்குரலில் தள்ளினால் தொண்டை இறுகும். மேடையில் இந்தப் பாட்டை முயல்கிறவர்களில் பாதிப்பேர் உடைவது அங்கேதான். அதை லேசாக விட்டு, ‘பா’வில் வாயைத் திறந்து முழு எடையையும் இறக்குவது அவர் வழி. கோபம் அத்தனையும் கணக்கோடு செலவாகிறது. சின்ன வயதில் திக்கிப் பேசியவர் அவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்கள் கட்சிக்கு உதவுகிற ஒன்றை நானே எடுத்துத் தருகிறேன். 80-களில் ஹார்ட் மெருகேற்றிய, வெளியார் எழுதிய பாட்டுகளுக்குத் தாவியது. 1985 ஆல்பம் முதலிடம். 1987-இல் ‘அலோன்’ மூன்று வாரம் முதலிடம். அதை எழுதியவர்கள் பில்லி ஸ்டைன்பெர்க்கும் டாம் கெல்லியும். 1983-இலேயே அவர்கள் ‘ஐ-டென்’ என்ற பெயரில் வெளியிட்டு எடுபடாமல் போன பாட்டு. ‘பாரகுடா’வின் பல் அந்தக் காலப் பாட்டுகளில் இல்லை, எனக்கும் அந்த சின்தசைசர் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது. ஆனால் எடுபடாத பாட்டை எடுபட வைத்தது எது? பியானோவோடு முணுமுணுப்பாகத் தொடங்கிப் பல்லவியில் அவர் எழும்புகிற எழும்பல். இன்றும் பாட்டுப் போட்டிகளில் சிறுமிகள் அதை எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

2008-இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினுக்காக ‘பாரகுடா’வை ஒலிக்கவிட்டார்கள். பள்ளிக்கூடக் கூடைப்பந்தில் அவருக்கு அதுதான் பட்டப்பெயராம். நிறுத்துங்கள் என்றார்கள் சகோதரிகள். உரிமத் தொகை கட்டியிருக்கிறோம் என்றது கட்சி. யாரைத் திட்டுகிற பாட்டு என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போட்டிருக்கலாம்.

ராக்கும் பெண் குரலும் பற்றிய தீர்ப்பை நான் சொல்வதைவிட, 2012 கென்னடி சென்டர் விருது விழாவைப் பாருங்கள். பிரிட்டிஷ் ராக் குழு லெட் செப்பெலினின் மிச்சமிருந்த மூவரும் மேல்மாடத்தில். கீழே ஆனும் நான்சியும் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. டிரம்மில், அக்குழுவின் மறைந்த டிரம்மர் ஜான் போனமின் மகன் ஜேசன். அந்தப் பாட்டை 1971-இல் பாடிய ராபர்ட் பிளாண்ட் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். உங்கள் கட்சியை அவரிடம் சொல்லிப் பாருங்களேன்.