மீடியா படிப்புக்காக ஒரு ஹாரர் படத்துக்கு டீசர், போஸ்டர், பத்திரிகை அட்டை மூன்றும் செய்ய வேண்டும். ஃபோன் கேமராதான் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

மூன்று வாரக் கெடு, நான்கு பேர் குழு, அதில் ஒருவர் எடிட்டிங் தெரியும் என்று சொல்லிச் சேர்ந்தவர். உங்கள் நிலைமை ஏறக்குறைய இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கதையில் தலையிடப் போவதில்லை. மாணவர் செய்யும் ஹாரர் விளம்பரங்கள் கதையால் கெடுவதைவிடக் கறுப்பு நிறத்தால் கெடுவதுதான் அதிகம். எடுக்கும்போது அருமையாகத் தெரிந்த இருட்டு, எடிட்டில் புள்ளி புள்ளியாக ஊரும். யூடியூபில் ஏற்றினால் கட்டம் கட்டமாக உடையும். அச்சடித்தால் சாம்பல் பூசிய மாதிரி வரும். 'கான்செப்ட் நல்லா இருந்தா போதும், இதெல்லாம் எதுக்கு' என்று கீழே கமெண்டில் யாராவது வந்து சொல்வார்கள். இருக்கட்டும். கண்ணுக்குத் தெரிந்தால்தானே கான்செப்ட்.

முதலில் போஸ்டரை யோசியுங்கள். டீசரை முடித்துவிட்டு அதிலிருந்து ஒரு ஃப்ரேமை எடுத்துப் போஸ்டர் ஆக்கிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏ3 தாள் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 3508 × 4961 பிக்சல், அதாவது ஏறத்தாழ 1.74 கோடி. ஃபுல் எச்டி ஃப்ரேமில் இருப்பது 20 லட்சம் சொச்சம். 4கே என்றாலும் 83 லட்சம்தான், அதுவும் படுக்கைவாட்டில். நிமிர்ந்த போஸ்டருக்கு வெட்டினால் பாதிக்கு மேல் போய்விடும். போதாததற்கு, வீடியோ ஷட்டர் 1/50 வினாடியில் ஓடுவதால் அசைந்த கையும் முகமும் இழுபட்டிருக்கும். படப்பிடிப்பு நாளில் மேக்கப் கலைவதற்குள் ஒரு மணி நேரம் ஸ்டில்லுக்கென்றே ஒதுக்குங்கள். ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), செங்குத்து, மேலே தலைப்புக்கும் கீழே பெயர்களுக்கும் தாராளமாக இடம். ஃபோனை நகர்த்தாமல், ஆளை விலக்கிவிட்டு வெற்றுப் பின்னணியையும் ஒரு தடவை எடுத்து வையுங்கள். பிறகு ஒட்டு வேலை என்று உட்காரும்போது அந்த ஒரு படம் இரண்டு நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

இனி லைட்டிங். இருட்டாகத் தெரிய வேண்டிய காட்சியை இருட்டில் எடுக்காதீர்கள். ஃபோன் சென்சார் சின்னது. வெளிச்சம் போதவில்லை என்றால் அதுவாகவே ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 2000, 3000 என்று ஏற்றிவிடும், நிழலெல்லாம் எறும்பு மொய்க்கும். மேனுவல் கேமரா ஆப் ஒன்றைப் போட்டு, ஐஎஸ்ஓ 400ல் வையுங்கள், 800ஐத் தாண்டாதீர்கள். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மூன்றையும் லாக் செய்யுங்கள். செய்யாவிட்டால் வெள்ளைச் சேலைப் பேய் ஃப்ரேமுக்குள் வந்ததும் கேமரா தானாக இருட்டாக்கும், போனதும் வெளிச்சமாக்கும். பயப்பட வேண்டியவர் அப்போது கேமராவைத்தான் கவனிப்பார். எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடுங்கள். சாதாரண டைம்லைனில் போட்டால் அது வெளிறிப்போய் நிற்கும். ஷட்டர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. மாற்றினால் குழல் விளக்கும் மலிவான எல்இடியும் திரையில் அலையடிக்கும்.

கடைசியில் எவ்வளவு இருட்டு வேண்டுமோ, அதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தில் எடுத்து எடிட்டில் இறக்குங்கள். இறக்கும்போது நாய்ஸும், அதாவது ஊரும் அந்தப் புள்ளிகளும், சேர்ந்தே அமுங்கிவிடும். பதிவாகாத நிழலை மேலே ஏற்றப் பார்த்தால் சேறுதான் வரும். மெயின் விளக்கை முகத்துக்கு நேரே வைக்காமல், ஆளுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி வையுங்கள். பாதி முகம் கறுப்பாகும். கறுப்பான அந்தப் பாதி பின்னணியோடு கரையாமல் இருக்க, பின்சுவரில் மங்கலாக இன்னொரு விளக்கு விழ வேண்டும். பெரும்பாலானோர் விடுவது இந்த இரண்டாவது விளக்கைத்தான். அது இல்லாவிட்டால் இருட்டில் ஒரு காதும் மூக்கும் மட்டும் மிதக்கும். எல்இடிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி டிரேசிங் பேப்பர் தொங்கவிட்டால் வெளிச்சம் மென்மையாகும். ஹாலஜன் விளக்கில் அப்படிச் செய்யக் கூடாது, பற்றிக்கொள்ளும்.

கண்ணைத் தனியாகக் கவனியுங்கள். உயிருள்ள ஆளின் கருவிழியில் விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைப் புள்ளியாக இருக்கும். பயப்படுகிறவர் கண்ணில் அந்தப் புள்ளி ஒன்றே ஒன்று இருக்கட்டும். இரண்டு இருந்தால் ஸ்டுடியோ ஃபோட்டோ மாதிரி ஆகிவிடும். பேய்க்கு அந்தப் புள்ளியே இருக்கக் கூடாது. விளக்கைத் தலைக்கு மேலே ஏற்றினால் புருவ நிழல் கண்குழியை மூடிவிடும், புள்ளி காணாமல் போகும். மேக்கப்பே போடாத முகத்திலும் இது வேலை செய்யும். தாடைக்குக் கீழே டார்ச் அடிப்பது எல்லோரும் பார்த்துச் சிரித்துப் பழகிய விஷயம், விட்டுவிடுங்கள்.

ரத்தம்: கார்ன் சிரப் ஒரு கப், அதாவது 240 மிலி, சிவப்பு உணவு நிறம் இரண்டு டீஸ்பூன், நீலம் இரண்டே சொட்டு, ஒரு டீஸ்பூன் கோகோ பவுடரை வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள். கோகோ இல்லாவிட்டால் அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஜாம் நிறத்தில் நிற்கும். நீலம் கூடினால் ஊதா. மஞ்சள் விளக்கில் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும், ஆகவே கலந்ததும் அதே விளக்கில், அதே ஃபோனில் ஒரு ஷாட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆள்மேல் ஊற்ற வேண்டும். துணியில் ஊறுவதற்குப் பாத்திரம் துலக்கும் திரவம் நாலு சொட்டு சேர்க்கலாம். அந்தக் கலவை வாய்க்கும் கண்ணுக்கும் பக்கத்தில் போகவே கூடாது. உணவு நிறம் தோலிலும் சுவரிலும் நாள்கணக்கில் போகாது. சட்டை ஒன்றுதான் என்றால் ரத்தக் காட்சியைக் கடைசியில் எடுங்கள்.

டீசர் ஒரு நிமிடம் போதும். 25 ஃப்ரேம் வேகத்தில் அது 1500 ஃப்ரேம். முதல் பாதியில் ஷாட் ஒவ்வொன்றும் மூன்று, நாலு வினாடி ஓடட்டும். பிறகு பாதியாகக் குறைத்து, கடைசிப் பத்து வினாடியில் 12 ஃப்ரேம், 8 ஃப்ரேம் என்று நெருக்குங்கள். மொத்தம் 40 முதல் 50 ஷாட் வரும். முதல் வினாடியிலிருந்தே படபடவென்று வெட்டினால் கடைசியில் வேகத்தைக் கூட்ட வழியில்லை. எழுத்து அட்டைகளை நிதானமாக இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கும் நேரம் வையுங்கள்.

பயம் பெரும்பாலும் காதில்தான் இருக்கிறது. மாணவர் டீசரில் தொடக்கம் முதலே எல்லாச் சத்தமும் உச்சத்தில் இருக்கும். திடுக்கிட வைக்கும் இடம் வரும்போது அதற்கு மேல் ஏற இடமே இருக்காது. பின்னணி ரீங்காரத்தை மைனஸ் 30 டெசிபல் பக்கம் கிடத்துங்கள், அடிக்கும் சத்தத்தை மைனஸ் 3 வரை விடுங்கள். அடிக்கு முன்னால் 12 முதல் 18 ஃப்ரேம் வரை ரீங்காரத்தை அடியோடு வெட்டுங்கள். ஆனால் முழு மௌனம் வேண்டாம், ஃபோன் நின்றுவிட்டதோ என்று பார்ப்பவர் தட்டிப் பார்ப்பார். படமெடுத்த அறையில் யாரும் பேசாமல் 30 வினாடி பதிவுசெய்து வைத்திருந்தால் அந்த அறைச் சத்தம் அங்கே ஓடும். இன்னொன்று: இணையத்தில் இறக்கிய 'டம்' சத்தங்கள் பலவற்றில் தொடக்கத்தில் இரண்டு மூன்று ஃப்ரேம் வெற்றாக இருக்கும். ஃபைலின் நுனியை வெட்டில் ஒட்டினால் சத்தம் தாமதமாக விழும், பயம் புஸ்ஸென்று போகும். வேவ்ஃபார்மைப் பெரிதாக்கி, மேடு தொடங்கும் இடத்தைப் படத்தின் முதல் ஃப்ரேமில் வையுங்கள்.

40, 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஹெட்ஃபோனில் வயிற்றைக் கலக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்காது, அதற்கு அவ்வளவு கீழே போகும் திராணி இல்லை. அதே ட்ராக்கைப் பிரதியெடுத்து இரண்டு ஆக்டேவ் உயர்த்தி மெல்லக் கலந்துவிடுங்கள். எலும்பு முறியும் சத்தத்துக்குச் செலரித் தண்டை மைக் பக்கத்தில் முறுக்கினால் போதும். முடிந்ததும் மொத்தம் மைனஸ் 14 லஃப்ஸ் (சராசரிச் சத்தத்தின் அலகு) பக்கம், உச்சம் மைனஸ் 1 டெசிபல். அதற்கு மேல் சத்தமாக ஏற்றினால் யூடியூப் தானே இறக்கிவிடும். இசையில் ஒரு பொறி உண்டு: 200 வருடப் பழைய இசைக்கு உரிமை காலாவதி ஆகியிருக்கலாம், போன வருடம் வாசித்த ஒலிப்பதிவுக்கு ஆகியிருக்காது.

ஏற்றுமதியில் மறுபடி கறுப்பு. மெல்ல மங்கும் இருட்டு, 8 பிட் ஃபைலில் பட்டை பட்டையாகப் பிரியும். லேசான கிரெயின் (பொடிப்புள்ளி) போட்டால் பட்டைகள் கலையும். அதிகம் போட்டால் பிட்ரேட் (வினாடிக்குக் கிடைக்கும் தரவு) முழுவதையும் கிரெயினே தின்றுவிட்டு முகத்தைக் குழம்பாக்கும். ஃபுல் எச்டியில் எடுத்திருந்தாலும் 1440பி அல்லது 4கேயாகப் பெரிதாக்கி ஏற்றுங்கள், யூடியூப் அதற்குத் தாராளமாகப் பிட்ரேட் கொடுக்கும். அன்லிஸ்டடாக (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஏற்றி, வெளிச்சமான அறையில், ஃபோன் பிரைட்னஸைப் பாதியில் வைத்துப் பாருங்கள். முகம் தெரியவில்லையா, நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். எடிட் செய்யும் இருட்டறையில் சரியாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

போஸ்டர் அச்சுக்கு வருவோம். அமெரிக்க சினிமா அரங்குகளின் வழக்கமான போஸ்டர் அளவு, ஒன்-ஷீட், 27 × 40 அங்குலம். உங்களுக்கு ஏ3 போதும். நாலு பக்கமும் 3 மிமீ பிளீட் (வெட்டும்போது போகும் ஓரம்) சேர்த்து 303 × 426 மிமீ கோப்பாகத் தொடங்குங்கள், எழுத்து எதுவும் விளிம்பிலிருந்து 10 மிமீக்குள் வர வேண்டாம். பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை 100 மட்டும் போட்டால் அடர்சாம்பலாக நிற்கும். சயான் 60, மஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்றால் கறுப்பு ஆழமாகும், மொத்த மை 240. நான்கையும் 100 ஆக்கினால் தாள் காயாது, அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அந்த ஆழக் கறுப்பின்மேல் ஒல்லியான வெள்ளை எழுத்து வேண்டாம். நாலு மையில் ஒன்று கால் மிமீ நகர்ந்தாலும் எழுத்து அடைத்துக்கொள்ளும். திரையில் ஒளிரும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கேயில், அதாவது இந்த நாலு மை அச்சில், செத்துப்போகும், சாஃப்ட் ப்ரூஃபில் (அச்சு எப்படி வரும் என்று திரையில் காட்டும் வசதி) முன்கூட்டியே பாருங்கள். நிழல்களையும் திரையில் சரியென்று படுவதைவிடக் கொஞ்சம் தூக்கியே அனுப்புங்கள். திரைக்கு உள்ளிருந்து வெளிச்சம் வருகிறது, தாளுக்கு அது கிடையாது.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு. ரத்தம் சொட்டும் ஃபான்ட் தமிழுக்கு ஆகாது. 'ண', 'ழ' சுழிகளுக்குள் சொட்டு நுழைந்து அடைத்துவிடும். புள்ளி அதைவிட மோசம்: போஸ்டரை ஃபோன் அளவுக்குச் சுருக்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். 'சத்தம்' என்று வைத்த தலைப்பு 'சததம' ஆகும். நேரான தடித்த எழுத்தில் அடித்து, அவுட்லைனாக (வெறும் வடிவமாக) மாற்றி, புள்ளிகளை மட்டும் கால்வாசி பெரிதாக்குங்கள். பிறகு, மை தேய்த்து ஸ்கேன் செய்த காகிதத்தை மாஸ்க்காகப் போட்டு விளிம்புகளைச் சிதைக்கலாம். பழைய ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் ஃபான்ட்டைத் திட்டாதீர்கள், டைப் விருப்பங்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காததுதான் காரணம்.

கீழே ஒல்லி ஒல்லியாக வரும் பெயர் வரிசைக்குக் காரணம் உண்டு. பெயர்களின் அளவைத் தலைப்பின் அளவோடு ஒப்பிட்டு ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். உயரம் கணக்கில் வரும், அகலம் வராது. அதனால் ஒடுக்கி நிறுத்துகிறார்கள். நடிகர், இசை, ஒளிப்பதிவு, இயக்கம் என்று எல்லோர் பெயரும் அங்கே இருக்கும், அந்தப் போஸ்டரைச் செய்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. படத்தைப் பற்றி ஊர் முதலில் பார்ப்பது அவர் வேலையைத்தான். ராத்திரி பதினோரு மணிக்கு 'தலைப்பை மட்டும் கொஞ்சம் பெருசாக்கு' என்று செய்தி வருவதும் அவருக்குத்தான். கேள்விக்கு இது சம்பந்தமில்லை, தெரியும். மாணவர் குழுவிலும் இதே கதை நடப்பதால் சொன்னேன்.

பத்திரிகை அட்டையில் சொல்ல அதிகமில்லை. போஸ்டர் படத்தையே அங்கேயும் போடாதீர்கள். அட்டையில் ஆள் கேமராவை நேராகப் பார்க்க வேண்டும், முகம் முழுக்க வெளிச்சம் வேண்டும், பத்திரிகைப் பெயர் உங்கள் கற்பனையாக இருக்க வேண்டும்.

'காணவில்லை' நோட்டீஸ் ஒட்டும் யோசனை எல்லாக் குழுவுக்கும் வரும். 1999ல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' என்ற ஹாரர் படம் தன் நடிகர்களைக் காணாமல் போனவர்களாகக் காட்டித்தான் கூட்டம் சேர்த்தது. நீங்கள் செய்தால் படத்தின் பெயரும் 'கற்பனை' என்ற சொல்லும் தாளில் தெளிவாக இருக்கட்டும். யாருடைய உண்மையான ஃபோன் எண்ணும் வேண்டாம். பார்ப்பவர் நிஜமென்று நம்பிக் காவல் நிலையத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

ஃபோன் கேமராதான் இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்கள். அது போதும். ஸ்டாண்டும் ஒரு மெல்லிய துணியும் வைத்துக்கொள்ளுங்கள். விரல் ரேகை பட்ட லென்ஸில் பகலில் ஒன்றும் தெரியாது. இருட்டில் டார்ச் ஃப்ரேமுக்குள் வந்ததும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இழுத்து, கஷ்டப்பட்டு உண்டாக்கிய கறுப்பையெல்லாம் வெளுக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் துடையுங்கள்.