கடற்கரையில் உருளும் முட்பந்து எந்தப் புல்லினுடையது?

கொழும்பு வெள்ளவத்தையின் ரயில் பாதையோரக் கடற்கரையில் காற்றோடு உருண்டு வந்த முட்பந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது இராவணன் மீசை என்னும் புல்லின் பெண் கதிர்க்கொத்து. தாவரவியலில் ஸ்பினிபெக்ஸ் லிட்டோரியஸ். சிங்களத்திலும் இதன் பெயர் இராவணனின் தாடியையே குறிக்கிறது.

ஸ்பினிபெக்ஸ் பேரினத்தில் இனங்கள் மிகச் சிலவே. எல்லாம் மணல் விரும்பிகள். புற்களில் அரிதாகக் காணப்படும் ஓர் இயல்பு இவற்றுக்கு உண்டு: ஆண் பூக்களும் பெண் பூக்களும் வெவ்வேறு செடிகளில் பூக்கின்றன. ஆண் கதிர் ஒவ்வொன்றிலும் பல சிறுகதிர்கள், அதாவது புல்லின் பூக்களைத் தாங்கும் சிறு அலகுகள், இருக்கும். பெண் கொத்திலோ, நீண்ட ஊசி போன்ற ஒவ்வொரு காம்பின் அடியிலும் ஒரேயொரு சிறுகதிர்தான் ஒட்டியிருக்கும். நீங்கள் முள் என்று நினைத்தது அந்தக் காம்பைத்தான். முற்றியதும் கொத்து முழுதாகக் கழன்று, ஊசி முனைகளில் தாவித்தாவி உருண்டு, போகும் வழியில் விதைகளை உதிர்த்து, ஈர மணலில் சிக்கி நின்றுவிடுகிறது.

நிலத்தில் படரும் தண்டு கணுவுக்குக் கணு வேர்விடுவதால் மணல்மேடு கலையாமல் நிற்கிறது. நம் கரையின் இராவணன் மீசையின் இலைகள் உட்புறமாகச் சுருண்டு விறைத்து, முனையில் காலைக் குத்தும். ஆஸ்திரேலியாவின் ஸ்பினிபெக்ஸ் செரிசியஸ் இலைகளிலோ பட்டு மயிர் உண்டு. அந்நாட்டுப் பாலைநிலத்தில் ஸ்பினிபெக்ஸ் என்றே அழைக்கப்படும் புல் இப்பேரினமன்று, அது டிரையோடியா.