கண்ணாடி விற்க நாலு வருஷப் படிப்பா?

கேள்வி: என் மகள் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்துவிட்டு, கண்ணைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிதான் படிப்பேன் என்கிறாள். "கண்ணாடிக் கடையில் உட்கார நாலு வருஷப் படிப்பா?" என்கிறார் என் கணவர். என்ன சொல்லட்டும்? – ஒரு தாய், செந்தூல்.

பதில்: அம்மா, இதே கேள்வியை என் மாமா இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நானும் ஆப்டோமெட்ரிஸ்ட்தான். பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருக்கிறேன், கண்ணாடியும் விற்கிறேன். ஆனால் படித்தது அதற்காக அல்ல.

அண்மையில் நாலு வயதுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். எழுத்தே தெரியாத பிள்ளையிடம் "எது தெளிவு, இதுவா அதுவா" என்று கேட்க முடியுமா? அதற்குத்தான் ரெட்டினோஸ்கோப் என்ற கருவி. விளக்கை அணைத்துவிட்டு, அதன் ஒளிக்கீற்றைக் கண்மணிக்குக் குறுக்கே அசைத்தால் உள்ளே செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் நகரும். என் கை போகும் பக்கமே போகிறதா, எதிர்ப்பக்கம் திரும்புகிறதா என்று கவனித்து, லென்ஸை மாற்றி மாற்றி, அசைவு அடங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அதிலிருந்து கண்ணின் பவர் தெரியும். பையன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அவனுக்கு வலது கண் நன்றாக இருந்தது, அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இடது கண்ணுக்கோ பிளஸ் நாலுக்கு மேல் பவர் தேவைப்பட்டது. அப்படியே விட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு, அது பார்வை மங்கிய சோம்பல் கண்ணாகிவிடலாம். சொட்டு மருந்து போட்டுச் சரிபார்க்கச் சொல்லி, கடிதம் எழுதிக் கண் மருத்துவரிடம் அனுப்பினேன்.

பெரியவர்கள் கதை வேறு. சில வாரங்களிலேயே பவர் ஏறி இறங்கினால் நான் முதலில் விசாரிப்பது இனிப்புநீரைத்தான். இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது கண்ணின் லென்ஸும் மாறும். அந்த நேரத்தில் கண்ணாடி செய்து கொடுத்தால் காசுதான் வீண். முதலில் கிளினிக்குக்குப் போங்கள் என்பேன். வியாபாரம் போகும், போகட்டும்.

அறுவை சிகிச்சை எங்கள் வேலை இல்லை, அது கண் மருத்துவருடையது. கண்ணாடி பொருத்தித் தரும் ஆப்டிஷியன் வேறு, கண்ணைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு என்று 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. இரு தரப்பும் மலேசிய ஆப்டிகல் மன்றத்தில் பதிய வேண்டும்.

யூகேஎம்மில் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) இது கோலாலம்பூர் வளாகத்தில் நடக்கும் நாலு வருஷப் பட்டப்படிப்பு. தனியார் கல்லூரிகளிலும் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்புக்கு மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், மகளுக்கு இயற்பியல் பிடிக்குமா? கசக்கும் என்றால் முதல் வருஷ ஒளியியலிலேயே திணறிவிடுவாள்.