வாத்து இல்லாத வாத்துப் பாட்டுகள்

அன்புள்ள சார்,

போர், தேர்தல், பங்குச்சந்தை எல்லாம் போக, வெளிநாட்டுப் பக்கத்தில் ஓரமாக வரும் வினோதச் செய்திகளைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். இப்போது ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பிளேலிஸ்ட் போட ஆரம்பித்திருக்கிறேன். கப்பலிலிருந்து கடலில் விழுந்த பொம்மை வாத்துகளுக்கு ஒன்று, முழுக்க வாத்துப் பாட்டுகள். பாஸ்டனில் வந்த வெல்லப்பாகு வெள்ளத்துக்கு ஒன்று, முழுக்கத் தேன், சர்க்கரை, இனிப்பு. நண்பர்களுக்கு அனுப்பினால் தலைப்பைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஆனால் மூன்றாவது பாட்டைத் தாண்டி யாரும் கேட்பதில்லை. நானே கேட்பதில்லை. இது வெட்டி வேலைதானா?

எம்.

அன்புள்ள எம்.,

வெட்டி வேலைதான், அதில் சந்தேகம் வேண்டாம். அதையும் ஒழுங்காகச் செய்யலாமே என்பதுதான் என் கட்சி.

முதல் பாட்டில் வாத்து வந்ததும் சிரிப்பு வரும். இரண்டாவதிலும் வாத்தா, சரி. மூன்றாவதில் காது சலித்துவிடும், ஏனென்றால் இனி வரப்போவது என்னவென்று அதற்குத் தெரிந்துவிட்டது. தேடும் இடத்தில் ஒரு சொல்லைப் போட்டு, வந்ததையெல்லாம் அள்ளியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியல் வாசிப்பதற்கு நன்றாக இருக்கிறது, கேட்பதற்கு இல்லை.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் அமெரிக்கச் சிப்பாய்கள். 1989 டிசம்பரில் அமெரிக்கா பனாமாவுக்குள் படையை இறக்கியபோது, அங்கே ஆட்சியைக் கையில் வைத்திருந்த மானுவேல் நொரியேகா பனாமா நகரிலிருந்த வத்திக்கான் தூதரகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ராணுவம் உள்ளே நுழைய முடியாது. வெளியே ஒலிபெருக்கி கட்டி ராக் பாட்டுகளை அலறவிட்டார்கள். சிப்பாய்கள் ராணுவ வானொலிக்கு போன் போட்டு நேயர் விருப்பம் கேட்டார்கள். 'ஓட இடமில்லை', 'சட்டத்தோடு மோதினேன்' என்று தலைப்பிலேயே ஆளைக் குத்தும் பாட்டுகள். அந்தப் பட்டியல் பிறகு வெளியான ராணுவ அறிக்கையில் இருக்கிறது. வாசித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் நொரியேகா ஓபரா ரசிகர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அவருக்கு அந்தச் சிலேடையெல்லாம் வெறும் இரைச்சலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். உள்ளே இருந்த பாதிரியார்களுக்கும் அதே இரைச்சல். வத்திக்கான் ஆட்சேபித்ததும் சில நாட்களில் பாட்டை நிறுத்தினார்கள். 1990 ஜனவரி 3 அன்று அவர் சரணடைந்தது பேச்சுவார்த்தைக்குப் பிறகுதான்.

2022 பிப்ரவரியில் நியூசிலாந்து நாடாளுமன்ற வளாகத்தில் முகாமிட்டிருந்த போராட்டக்காரர்களைக் கிளப்ப, அந்நாட்டு அவைத் தலைவர், அமெரிக்கப் பாடகர் பாரி மனிலோவின் பாட்டுகளையும் 'மகரேனா' என்ற ஆட்டப் பாட்டையும் திரும்பத் திரும்பப் போட்டதும் இதே கதைதான். அவர்கள் எழுந்து போகவில்லை, ஆட ஆரம்பித்தார்கள்.

அப்படியானால் தலைப்பை வைத்துப் பாட்டு சேர்ப்பதே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. செவ்வாயில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பர்சூனிட்டி ரோவர் 2018 ஜூனில் புழுதிப் புயலில் சிக்கிப் பேச்சை நிறுத்தியது. 90 செவ்வாய் நாட்களுக்கு என்று அனுப்பிய வண்டி, அதற்குள் 14 ஆண்டுகள் ஓடியிருந்தது. அது மறுபடி விழிக்கும் என்று காத்திருந்த நாசா குழு, 'எழுந்திரு' என்கிற பொருளில் பாட்டுகளைச் சேர்த்து ஒரு பிளேலிஸ்ட் போட்டது. அதுவும் சொல்விளையாட்டுதான். ரோவருக்குக் காதும் கிடையாது. ஆனால் தினமும் சிக்னலுக்காகக் காத்திருந்தவர்களுக்குக் காது இருந்தது, அந்தப் பாட்டுகள் அவர்களுக்கு. 2019 பிப்ரவரியில் கடைசிக் கட்டளையை அனுப்பிவிட்டு, பில்லி ஹாலிடே பாடிய ஒரு பிரிவுப் பாட்டைப் போட்டு முடித்தார்கள். அதில் ரோவரும் இல்லை, செவ்வாயும் இல்லை.

பாகு வெள்ளப் பட்டியலை மட்டும் தயவுசெய்து அழித்துவிடுங்கள். 1919 ஜனவரி 15 அன்று பாஸ்டனில் பாகு நிரப்பி வைத்திருந்த தொட்டி உடைந்ததில் 21 பேர் செத்தார்கள். பாகு என்றதும் மெதுவாக வழிந்திருக்கும் என்று நினைக்கிறோம். மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து வந்து, கட்டடங்களைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது. அதற்குத் தேன் பாட்டு போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. வினோதச் செய்தியைச் சேர்ப்பவர்கள் தலைப்போடு நின்றுவிடாமல் கடைசிப் பத்தி வரை படிக்க வேண்டும்.

உங்கள் வாத்துக்கே வருகிறேன். 1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டகோமாவுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல் வட பசிபிக்கில் புயலில் மாட்டியது. 12 கண்டெய்னர்கள் கடலில் விழுந்தன. ஒன்றில் 28,800 பிளாஸ்டிக் குளியல் பொம்மைகள். மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை என்று நான்கும் சேர்ந்து ஒரே அட்டையில் இருந்தவை. அட்டை கடல்நீரில் ஊறிப் பிரிந்ததும் நான்கும் தனித்தனியாக மிதக்க ஆரம்பித்தன. அவற்றில் ஓட்டை இல்லாததால் முழுகவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் சில, அலாஸ்காவின் சிட்காவில் கரை ஒதுங்கின. மற்றவை வட பசிபிக்கின் சுழல் நீரோட்டத்தில் சிக்கிச் சுற்றின. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு. கர்ட்டிஸ் எபஸ்மேயர் என்ற கடலியலாளர் இவை ஒதுங்கிய இடங்களைக் குறித்து வைத்து நீரோட்டக் கணக்கைச் சரிபார்த்தார். எனக்குப் பிடித்தது நிறம்தான். வாத்தும் பீவரும் வெளுத்து வெள்ளையாகிவிட்டன. ஆமையும் தவளையும் சாயம் போகாமல் அப்படியே இருந்தன.

உங்கள் பிளேலிஸ்ட் இங்கேயே இருக்கிறது. முதலில் புயல்: ஒரே ஒரு சத்தமான பாட்டு, சின்னதாக. அடுத்து நான்கு குரல்கள் சேர்ந்து பாடுவது ஒன்று. அதற்கப்புறம் யாரும் சேர்ந்து பாடக் கூடாது. நடுவில் சுழல் வேண்டும். அதற்கு ஒரே மெட்டை மூன்று பேர் மூன்று விதமாக வாசித்ததைத் தேடி, இடைவெளி விட்டு வையுங்கள். முதலில் முழு இசைக்குழு, அடுத்த சுற்றில் வாத்தியம் குறைய வேண்டும், மூன்றாவதில் பியானோ மட்டும். வெளுப்பது காதுக்குத் தெரியும். சாயம் போகாத ஆமைக்காக, ஒரு பாட்டை மட்டும் எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டு தடவை போட்டுவிடலாம். இரண்டாம் முறை வரும்போது தப்பாகச் சேர்த்துவிட்டீர்கள் என்று நண்பர்கள் மெசேஜ் அனுப்புவார்கள், பதில் சொல்லாதீர்கள். முக்கால் மணி நேரம் போதும். வாத்து என்ற சொல் எந்தப் பாட்டிலும் வரவே கூடாது, தலைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது ஷஃபிளையும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் புயல் கடைசியில் போய் நிற்கும், அதுவும் முடிந்த மறுநொடி செயலி தன் இஷ்டத்துக்கு ஒரு குத்துப் பாட்டைப் போடும்.