ஏஐ துறையில் பெண்கள் தலைமைப் பொறுப்புக்கு வர முடியுமா, தரவு வேலையோடு நின்றுவிட வேண்டியதுதானா?

கேட்ட நீங்கள் ஒரு பெண், இப்போதுதான் படிப்பை முடித்திருக்கிறீர்கள், "மாடல் குழுவில் இடமில்லை, தரவுப் பிரிவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் "தரவு, சோதனை மாதிரியான சில்லறை வேலைகள்" என்று கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள். மாடல் என்பது தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் மென்பொருள்; அதற்கான தரவைத் தயாரிப்பதும், அது ஒழுங்காகக் கற்றதா என்று சோதிப்பதும்தான் நீங்கள் சொல்லும் சில்லறை வேலை. எனக்குத் தலை நரைத்ததே அந்தச் சில்லறை வேலையில்தான். அதனால் பதில் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

இன்றைய ஏஐ அலைக்கு வழி திறந்தவற்றில் முக்கியமானது ஒரு தரவு வேலை. எல்லோரும் அல்காரிதத்தைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்த காலத்தில், படங்களைச் சேகரித்து ஒவ்வொன்றுக்கும் பெயரிடுவோம் என்று இறங்கியவர் ஃபெய்-ஃபெய் லி என்ற பெண் விஞ்ஞானி. 2009-ல் அறிமுகமான அந்தத் தொகுப்பு, இமேஜ்நெட், பின்னர் சுமார் 1.4 கோடிப் படங்களாக வளர்ந்தது. 2012-ல் அலெக்ஸ்நெட் என்ற, படத்தில் இருப்பது என்ன என்று சொல்லும் மாடல் வென்று உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததும் அந்தப் படங்களில் ஒரு பகுதியை வைத்து நடந்த போட்டியில்தான். அதற்கும் வெகு முன்னால், 1972-ல், கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பெண் கணினி விஞ்ஞானி ஒரு கணக்கு சொன்னார்: எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்குக் குறைந்த எடை, அரிதாக வரும் சொல்லுக்கு அதிக எடை. தேடுபொறிகளின் அடித்தளத்தில் இன்றும் அந்தக் கணக்கு கிடக்கிறது. கேம்பிரிட்ஜில் அவருக்குப் பேராசிரியர் பதவி வந்தது 1999-ல். கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி என் கதை. ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், வசைக் கருத்துகளைக் கண்டுபிடித்து மறைக்கும் மாடல் ஒன்றைத் தயாரித்தோம். பயிற்சித் தரவைக் குறியிடும் குழு என் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு கருத்தையும் ஐந்து பேர் படித்து "வசை" அல்லது "வசையில்லை" என்று குறிப்பார்கள். பெரும்பான்மை எதுவோ அதுவே விடை. அதில் ஒரு வரி: ஒரு பெண் தன் ஆய்வு முடிவை விளக்கி எழுதியிருந்த பதிவின் கீழே ஒருவர், "சமையல் எல்லாம் முடிந்ததா அம்மா?" என்று கேட்டிருந்தார். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. மூன்று பேர் "வசையில்லை", இரண்டு பேர் "வசை". கீழே இறங்கிப் பார்த்தால் இதே ரகத்தில் வரிசையாக வரிகள், அதே 3-2. "வசை" என்று குறித்தவர்கள் பெரும்பாலும் குழுவில் இருந்த பெண்கள். ஓட்டு எண்ணி முடித்ததும் அவர்கள் குறித்தது கோப்பிலிருந்தே மறைந்துவிடும். இப்படிப் பேசுவதில் தவறில்லை என்று மாடல் கற்றுக்கொள்ளும்.

(நடுவில் ஒரு புலம்பல், கேள்விக்குச் சம்பந்தமில்லை. விரிதாளில் 3-2 என்று தட்டினால் அது தானாகவே தேதியாக மாறிவிடும். ஒரு கோப்பு முழுக்க இப்படித் தேதிகளாகி என் உயிரை வாங்கியிருக்கிறது. இதே தொல்லையால் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1 என்றிருந்தது மார்ச்எஃப்1 ஆனது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. "அந்தப் பத்தியின் வடிவமைப்பை மாற்றினால் போதுமே" என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும் ஐயா, தெரியும்.)

மாடல் குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். "அதெல்லாம் இரைச்சல் மேடம், பெரும்பான்மையில் அடங்கிவிடும்" என்றார். வாதாடாமல், பெண்களின் பதிவுகளுக்குக் கீழே வந்த கருத்துகளை மட்டும் பிரித்தெடுத்துத் மாடலைச் சோதித்துப் பார்க்கத் தனியாக ஒரு சோதனைத் தொகுப்பு தயாரித்தேன். மொத்தச் சோதனையில் மின்னிய மாடல் அதில் படுத்துவிட்டது. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை, 2018-ல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் ஆய்வாளர்கள் தோல் நிறம், பாலினம் என்று பிரித்து அளந்து காட்டினார்கள். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. மொத்தச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

என் தொகுப்பை ஏற்றுக்கொண்டார்கள். விதியும் மாறியது: ஓட்டு எண்ணாமல், ஐந்து பேர் குறித்ததையும் அப்படியே மாடலுக்குக் கொடுத்தோம். அப்புறம் மேலிடத்துக்கு விளக்கும் கூட்டம் வந்தது. ஸ்லைடின் தலைப்பு "மாடல் மேம்பாடு". கீழே மாடல் குழுவினரின் பெயர்கள். எங்கள் குழுவுக்குக் கடைசி ஸ்லைடில் நன்றி, பெயர்கள் இல்லாமல், பூங்கொத்துப் படத்தோடு. பூங்கொத்து!

யாரும் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் எல்லோரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. "வசை" என்று குறித்தவர்களில் ஆண்களும் உண்டு, "வசையில்லை" என்ற பெண்களும் உண்டு. பெண் ஒருவர் மேலே வந்துவிட்டால் மாடல் தானாக யோக்கியமாகிவிடும் என்றும் நம்பவில்லை. எனக்கு வாய்த்த மேலாளர்களில் மிக மோசமானவர் ஒரு பெண். நான் சொல்வது அந்த ஸ்லைடைப் பற்றி.

அடுத்த பதவி உயர்வுப் பேச்சில், பதவிப் பெயருக்கு முன்னால் "முதுநிலை" சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். நான் வேறொன்று கேட்டேன். என் சோதனைத் தொகுப்பில் தேறாத மாடல் வெளியே போகக் கூடாது, அதற்கு என் கையெழுத்து வேண்டும், அதை எழுத்தில் தர வேண்டும். இழுத்தடித்துக் கொடுத்தார்கள். சம்பளம் உடனே ஏறவில்லை. ஆனால் மாடல் குழுவின் கூட்டங்களுக்கு என்னைக் கேட்டு நேரம் குறிக்கத் தொடங்கினார்கள். ஒருமுறை ஒரு வெளியீட்டை நிறுத்தியும் வைத்தேன். கொஞ்ச காலம் பலர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆகவே, முடியும். தரவுப் பிரிவில் இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். ஆனால் நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள்: குறியிடும் விதிகளை எழுதுவது யார், ஆய்வுக் கட்டுரை வெளிவந்தால் அதில் என் பெயர் வருமா, ஒரு வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. எதிரே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் வேறு இடம் தேடுங்கள். கணிதத்தை விட்டுவிடாதீர்கள். மாடலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் "உங்களுக்குப் புரியாது" என்ற ஒரே பதிலில் வாயை அடைத்துவிடுவார்கள். நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள் என்று கூட்டக் குறிப்பெடுக்கும் வேலையைத் தலையில் கட்டினால், முறை வைத்து எழுதலாமே என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

மகளிர் தினத்தன்று மேடையில் பேசக் கூப்பிடுவார்கள். தலைப்பு "இத்துறையில் ஒரு பெண்ணாக என் அனுபவம்" என்று இருக்கும். அதற்குப் பதிலாகச் சோதனைத் தொகுப்பு தயாரிப்பது எப்படி என்று பேசுகிறேன் என்றேன் நான். மறுபடி கூப்பிடவில்லை.