மூன்று மணி நேரம் ஓடினாலும் மின்சாரம் மிச்சமா?

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் டாப் லோடு வாஷிங் மெஷின் நாற்பது நிமிடத்தில் துவைத்து முடித்துவிடுகிறது. ஜெர்மனியில் இருக்கும் என் நாத்தனார் வீட்டு மெஷினோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஆனாலும் தன்னுடையதுதான் சிக்கனமானது என்கிறார். இது எப்படிச் சரியாகும்? ஐரோப்பிய இயந்திரங்கள் உண்மையிலேயே மேலானவையா?

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வது சரிதான். இயந்திரம் ஓடும் நேரத்தைக் கொண்டு மின்செலவை அளப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. டிரம்மைச் சுழற்றும் மோட்டாருக்கு ஆகும் மின்சாரம் குறைவு. சூடான நீரில் துவைக்கும்போது நீரைச் சூடாக்குவதற்கே பெரும்பகுதி செலவாகிறது. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 1.16 வாட்-மணி வேண்டும் (ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட்). ஃப்ரண்ட் லோடு இயந்திரம் சோப்பு நீருக்காக 15 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குக் கொண்டுவர 0.35 யூனிட் போதும். 60 டிகிரிக்குக் கொண்டுபோனால் 0.8 யூனிட்டை நெருங்கிவிடும். நடுவில் துணியைக் கலக்கும் அஜிடேட்டர் தண்டு நிற்கும் பழைய டாப் லோடு இயந்திரத்தில் துணி முழுவதும் நீரில் மூழ்கியாக வேண்டும். அங்கே 60 லிட்டர் நீர் 50 டிகிரிக்குச் சூடாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 2.4 யூனிட் ஆகிறது. அமெரிக்க வீடுகளில் வெந்நீர் வீடு முழுவதற்குமான பொது ஹீட்டரிலிருந்து தனிக் குழாயில் வருவதால், இந்தச் செலவு வாஷிங் மெஷினின் செலவாக யார் கண்ணிலும் படுவதில்லை. ஐரோப்பிய இயந்திரம் பெரும்பாலும் குளிர்ந்த நீரை மட்டும் எடுத்து, தன்னுள் இருக்கும் ஹீட்டரால் தேவையான அளவுக்கே சூடாக்கிக்கொள்கிறது.

அப்படியானால் மூன்று மணி நேரம் எதற்கு? ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர் 1959இல், அழுக்கு நீங்குவது சோப்பின் வேதிவினை, உராய்வு, வெப்பம், நேரம் ஆகிய நான்கையும் சார்ந்தது என்றும், அவற்றில் ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டித்தான் ஈடுசெய்ய முடியும் என்றும் விளக்கினார். நம் வீடுகளில் துணியை ஊறப்போட்டுவிட்டு வேறு வேலை பார்த்த பாட்டிமாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பிய இயந்திரங்களில் உள்ள 'ஈகோ 40-60' என்ற சிக்கனத் துவைப்பு முறை (40 அல்லது 60 டிகிரியில் துவைக்கத் தகுந்த பருத்தித் துணிகளுக்கானது) வெப்பத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை நேரத்தால் நிரப்புகிறது. உங்கள் நாத்தனார் வீட்டில் ஓடுவதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் இதை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான போட்டியாகப் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. உண்மையான வேறுபாடு டிரம் படுத்த நிலையில் (ஃப்ரண்ட் லோடு) சுழல்கிறதா, நின்ற நிலையில் (டாப் லோடு) சுழல்கிறதா என்பதில்தான் இருக்கிறது. படுத்த டிரம்மில் துணி மேலே ஏறி விழுந்து, அடியில் தேங்கிய சிறிதளவு நீரிலேயே மீண்டும் மீண்டும் நனைகிறது. 1997இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள பெர்ன் என்ற சிற்றூரில், வீடுகளில் இருந்த பழைய டாப் லோடு இயந்திரங்களை எடுத்துவிட்டு, ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஃப்ரண்ட் லோடு இயந்திரங்களைப் பொருத்தி அளந்து பார்த்தார்கள். நீர்ச்செலவு ஏறத்தாழ 38 சதவீதமும், ஆற்றல் செலவு ஏறத்தாழ 58 சதவீதமும் குறைந்தன. இடம் மாறவில்லை, மக்கள் மாறவில்லை, இயந்திரத்தின் வகை மட்டுமே மாறியது.

இன்றைய நிலையையும் பாருங்கள். 2018 முதல் நடப்பிலுள்ள அமெரிக்க விதிப்படி, 4.5 கன அடி டாப் லோடு இயந்திரம் ஒரு துவைப்புக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 110 லிட்டர் நீர் எடுக்கலாம். அதே கொள்ளளவுள்ள ஃப்ரண்ட் லோடு இயந்திரம் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த 'எனர்ஜி ஸ்டார்' என்ற அமெரிக்கச் சிக்கன முத்திரைக்கான தகுதியைப் பெற வேண்டுமானால் 55 லிட்டருக்குள் முடித்தாக வேண்டும். 8 கிலோ ஐரோப்பிய இயந்திரமும் ஏறத்தாழ 50 லிட்டர் எடுக்கிறது. அதன் டிரம்மோ அமெரிக்க டிரம்மில் பாதியளவுதான். ஆகவே பெரிய குடும்பம் நிறையத் துணியை ஒரே முறையில் போட்டுத் துவைக்குமானால், நல்ல அமெரிக்க ஃப்ரண்ட் லோடு எவ்விதத்திலும் தாழ்ந்ததல்ல.

டிரையர் பயன்படுத்துகிறவர்கள் பிழியும் வேகத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். துணியில் தங்கிய ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே 0.6 யூனிட்டுக்கு மேல் தேவைப்படுகிறது. சாதாரண டிரையரில் இன்னும் கூடும். ஐரோப்பாவில் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்பது வழக்கமான வேகம். அமெரிக்க டாப் லோடு இயந்திரங்கள் பல அதில் ஏறத்தாழ பாதி வேகத்திலேயே நின்றுவிடுகின்றன. துவைப்பதில் மிச்சம் பிடித்த மின்சாரத்தை டிரையரில் இழப்பது இப்படித்தான்.

கேள்வி: அமெரிக்காவிலேயே ஐரோப்பிய இயந்திரம் வாங்க முடியுமா? இரு நாட்டு இயந்திரங்களிலும் ஒட்டியுள்ள மின்சிக்கன முத்திரைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் தெரிவுகள் குறைவு. போஷ், மீலே ஆகியவற்றின் 24 அங்குல அகல இயந்திரங்கள் கிடைக்கின்றன. அங்கே வழக்கமான அகலம் 27 அங்குலம். வாங்குமுன் மின்னிணைப்பைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாடல்கள் வழக்கமான 120 வோல்ட்டில் ஓடும். ஆனால் உள் ஹீட்டருக்குக் கிடைக்கும் மின்சாரம் குறைவு என்பதால் நீர் மெதுவாகவே சூடாகும். வேறு சிலவற்றுக்கு 240 வோல்ட் தேவை. அதற்காக அவற்றின் வயரை இணை டிரையரின் பின்புறமுள்ள சாக்கெட்டில் சொருகும்படி அமைத்திருக்கிறார்கள். அதாவது ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்க வேண்டிவரும்.

முத்திரைகளை நேரடியாக ஒப்பிட முடியாது. அமெரிக்காவின் மஞ்சள் நிற 'எனர்ஜி கைடு' ஓர் ஆண்டுக்கான மின்சாரத்தையும் செலவையும் சொல்கிறது. 2021 மார்ச் முதல் நடப்பிலுள்ள ஐரோப்பிய முத்திரை, ஏ முதல் ஜி வரையிலான தரத்துடன், 100 துவைப்புக்கான யூனிட்டையும், ஒரு துவைப்புக்கான நீரையும், பிழியும் தரத்தையும் தனித்தனியே காட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தச் சட்டம் ஐரோப்பிய வாடிக்கையாளருக்குத்தான் பொருந்தும்; ஆகவே அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் தங்கள் ஊரில் பழுது பார்ப்பவர் உண்டா என்று முதலில் விசாரிப்பது நல்லது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து நெதர்லாந்துக்குக் குடிபெயர்கிறோம். இரண்டாண்டுகளுக்கு முன் வாங்கிய வாஷிங் மெஷினை எடுத்துச் செல்லலாமா?

பதில்: வேண்டாம், விற்றுவிடுங்கள். உங்கள் இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்டது. அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றுமே தவிர அதிர்வெண்ணை மாற்றாது. அங்குள்ள வீடுகளில் வாஷிங் மெஷினுக்குப் பெரும்பாலும் குளிர்நீர்க் குழாய் மட்டுமே இருப்பதால், உள் ஹீட்டர் இல்லாத உங்கள் இயந்திரம் குளிர்காலத்திலும் பச்சைத்தண்ணீரில்தான் துவைக்கும். இடமும் 60 சென்டிமீட்டர் அகலத்துக்கே ஒதுக்கியிருப்பார்கள். உங்களுடையது 68 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். வாடகை வீட்டில் இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.