எரிந்த மோட்டாரை மேசையில் வையுங்கள்

கேள்வி: கோவையில் 22 ஆண்டுகளாக நீர்மூழ்கி மோட்டார் பம்ப் தயாரிக்கிறோம். தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் டீலர்கள் பெரிய பிராண்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். ‘துறையில் உங்கள் பேச்சு எடுபட வேண்டும், லிங்க்ட்இன்னில் எழுதுங்கள்’ என்கிறான் மகன். என் பெயரில் மாதம் 12 பதிவுகள் எழுதித் தர ஓர் ஏஜென்சி தயாராக இருக்கிறது. ஒப்படைத்துவிடலாமா?

பதில்: மகன் சொல்வது சரி. ஏஜென்சி மட்டும் இப்போது வேண்டாம். அவர்களுக்கு எழுத வரும், பம்ப் தெரியாது. ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்கிற ரகத்தில்தான் எழுதுவார்கள். அதன் கீழே உங்கள் போட்டியாளர் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

நீங்கள் எழுத வேண்டிய விஷயம் உங்கள் சர்வீஸ் ஷெட்டில் கிடக்கிறது. எரிந்து திரும்பி வந்த மோட்டாரைப் பிரித்ததுமே காரணம் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? ஸ்டார் இணைப்பில் உள்ள த்ரீ பேஸ் (மும்முனை மின்சார) மோட்டாரில் இரண்டு பேஸின் காயில்கள் கருகி, மூன்றாவது மட்டும் நிறம்கூட மாறாமல் இருந்தால், ஒரு பேஸ் வராமலே மோட்டார் ஓடியிருக்கிறது. மூன்றும் ஒன்றுபோலக் கருகியிருந்தால் லோ வோல்டேஜையோ ஓவர்லோடையோ சந்தேகிக்க வேண்டும். விவசாயிக்கு இது தெரியாது, அவர் மோட்டாரைத்தான் குறை சொல்வார். டீலர் காதுக்கும் அதுதான் போய்ச் சேரும். இந்த இரண்டு மோட்டாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுங்கள். கடைக்கு வந்த எலக்ட்ரீஷியனிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே பத்து வரி எழுதுங்கள். முதல் பதிவு அதுதான்.

அடுத்து, உங்கள் விற்பனைக்கே எதிராகத் தோன்றும் ஒன்று. போர்வெல்லில் தண்ணீர் ஊறும் வேகத்துக்கு மேல் இறைத்தால் மட்டம் இறங்கி பம்ப் ட்ரை ரன் ஆகும், அதாவது தண்ணீரில்லாமல் ஓடும். ‘உங்கள் போருக்கு 7.5 எச்.பி. வேண்டாம், 5 போதும்’ என்று தயாரிப்பாளரே கணக்குப் போட்டு எழுதினால், அந்த ஆளை யாரும் மறக்க மாட்டார்கள். என் அனுபவத்தில் நம்பிக்கை பிறக்கும் இடம் இதுதான்.

இதற்கு அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டைப் பாருங்கள். 1965இல் அவர் கைக்கு வந்த பெர்க்‌ஷயர் ஹாத்தவே நொடித்துக்கொண்டிருந்த ஒரு ஜவுளி ஆலை. முதல் 25 ஆண்டுகளில் செய்த தவறுகளை 1989ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் வரிசையாக எழுதினார். அந்த ஆலையை வாங்கியதைத்தான் முதல் தவறாகச் சொன்னார். எழுதும்போது தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். புத்திசாலிகள், ஆனால் கணக்கு வழக்கில் நிபுணர்கள் அல்ல. உங்களுக்கு அந்த இடத்தில் ஒரு டீலரையோ பழைய மெக்கானிக்கையோ வைத்துக்கொள்ளலாம்.

எழுத்தைச் சீராக்க ஆள் வைப்பதில் தப்பே இல்லை. பஃபெட்டின் கடிதங்களையும் ஃபார்ச்சூன் பத்திரிகையாளர் கரோல் லூமிஸ்தான் பல ஆண்டுகள் செம்மைப்படுத்தினார். சரக்கு மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். நீங்கள் ஷெட்டில் நின்றபடி போனில் பேசிப் பதிவுசெய்யுங்கள், மகன் அதை எழுத்தாக்கட்டும். கீழே ஒருவர் ‘எங்கள் கேபிள் 300 மீட்டர் போகிறது, என்ன சைஸ் போடுவது?’ என்று கேட்டால் நீங்களே பதில் போடுங்கள். கம்பெனியின் லிங்க்ட்இன் பக்கத்தால் முடியாததும் முதலாளியின் பெயரால் முடிவதும் இதுதான்.

மாதம் இரண்டு போதும். லிங்க்ட்இன்னில் ஏற்றுமதி வாடிக்கையாளர்களும் திட்டப் பொறியாளர்களும் இருப்பார்கள். எலக்ட்ரீஷியனும் டீலரும் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும்தான். அதே போட்டோவைத் தமிழில் பேசி அங்கேயும் போடுங்கள்.

லைக் எண்ணிக்கையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒரு வருடம் பொறுங்கள். முன்பின் தெரியாத மெக்கானிக் ஒருவர் போன் செய்து, ‘ரெண்டு காயில் கருகியிருக்கு, ஒண்ணு நல்லாயிருக்கு. நீங்க சொன்ன மாதிரி பேஸ் போனதுதானே?’ என்று கேட்டால், அந்தத் தேதியைக் குறித்துவையுங்கள்.